நாய் வாலை நிமிர்த்த முடியாது, சரி. ஓநாய் வால் ஏன் நேராக இருக்கிறது?

6 ஜனவரி 2024, காலை 9.15 (வாசகர் கேள்வி)

நாய் ஓநாயிலிருந்து வந்தது என்கிறார்கள். ஆனால் ஓநாய்க்கு வால் நேராகக் கீழே தொங்குகிறது. எங்கள் தெருவில் ஏழு நாய்கள், ஏழுக்கும் வால் அரிவாள் மாதிரி மேலே வளைந்திருக்கிறது. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று பழமொழி வேறு. அப்படியானால் அதை முதலில் வளைத்தது யார்? என்னைக் கேட்டால் நாய் ஓநாயிலிருந்து வரவே இல்லை, நரியிலிருந்து வந்தது.

6 ஜனவரி, இரவு 10.40

யாரும் வளைக்கவில்லை. வேறு எதையோ தேடிப் போனபோது வால் தானாக வளைந்துகொண்டது. நாயில் இது நடந்ததைப் பார்த்தவர் இல்லை. நரியில் பார்த்திருக்கிறார்கள்.

சைபீரியாவில் நோவோசிபிர்ஸ்க். 1959. திமித்ரி பெல்யாயெவ் என்ற மரபியலாளர் ரோமத்துக்காகப் பண்ணையில் வளர்க்கும் வெள்ளி நரிகளை வைத்து ஒரு வேலையைத் தொடங்குகிறார். அந்தக் காலத்து சோவியத்தில் மரபியல் என்று வாயைத் திறந்தாலே வம்பு. அவருடைய அண்ணன் நிகோலாயும் மரபியலாளர்தான், 1937இல் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அதனால் தம்பி, விலங்கு உடலியல் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு உள்ளே வேறு வேலை பார்த்தார்.

செய்தது இவ்வளவுதான். கூண்டுக்குள் கையை நீட்டுவார்கள். கடிக்க வருகிறதா, மூலையில் ஒடுங்குகிறதா, சும்மா நின்று பார்க்கிறதா? சும்மா நிற்பதை மட்டும் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்வார்கள். பெண் நரிகளில் கொஞ்சம், ஆணில் அதைவிடக் குறைவு. பழக்குவது, கொஞ்சுவது எதுவும் கிடையாது. நிறம், காது, வால் எதையும் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

ஆறாவது தலைமுறையில், ஆளைக் கண்டால் வாலாட்டி, முனகி, கையை நக்கும் குட்டிகள் வந்துவிட்டன. பத்தாவது தலைமுறையில் நூற்றுக்கு 18 குட்டி அப்படி, இருபதாவதில் 35. எட்டு, பத்துத் தலைமுறைக்குள் தோலில் வெள்ளைத் திட்டு, மடிந்த காது, அப்புறம் உங்கள் சுருண்ட வால். கேட்காமலே வந்தவை.

ஏன் என்பதற்கு 2014இல் ஒரு விளக்கம் சொன்னார்கள். கருவில் முதுகுப்பக்கத்தில் உருவாகி உடம்பெங்கும் பயணம் போகும் ஒரு வகை உயிரணு இருக்கிறது. பயம் வந்தால் பொங்கும் அட்ரினல் சுரப்பியின் ஒரு பகுதி, தோலின் நிறம், காதின் குருத்தெலும்பு எல்லாவற்றுக்கும் அதுதான் மூலம். பயம் குறைந்ததைத் தேர்ந்தெடுத்தால் அந்த உயிரணு கொஞ்சம் குறைவாகவோ மெதுவாகவோ போய்ச் சேர்கிறது. காது மடிகிறது, நெற்றியில் வெள்ளை விழுகிறது. வாலுக்கு மட்டும் இந்த விளக்கம் அவ்வளவு சுலபமாக ஒட்டாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

7 ஜனவரி, காலை 6.50

எங்கள் வீட்டு நாய்க்கு வால் முழு வட்டம். முறுக்கு மாதிரி. பெயர் மணி. வேறென்ன பெயர் வைக்க முடியும்.

9 ஜனவரி, மாலை 4.05

முதல் குறிப்பில் ஒரு விஷயத்தை ரொம்ப நம்பி எழுதிவிட்டேன், திருத்தம்.

பெல்யாயெவின் நரிகள் காட்டிலிருந்து நேராக வந்தவை இல்லை. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே ரோமத்துக்கு வளர்த்துவந்த நரிகளின் வம்சம். அதாவது அவர் கைக்கு வரும் முன்பே பல பத்தாண்டு பண்ணைக் கூண்டில் இருந்தவை. கனடா பண்ணையிலேயே திட்டு விழுந்த நரிகள் இருந்ததற்குப் பழைய புகைப்படமே இருக்கிறது. 2019இல் சில ஆய்வாளர்கள் இதை எடுத்துக்காட்டி, சாதுவானால் காது மடியும், வால் சுருளும் என்ற மொத்தப் பொட்டலத்தையே கேள்வி கேட்டார்கள்.

சாதுத்தனம் வேகமாக வந்தது உண்மை, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கூடவே வந்த அலங்காரங்களில் எவ்வளவு புதிது, எவ்வளவு ஏற்கெனவே உள்ளே கிடந்தது என்பதில்தான் தகராறு. நான் இரண்டு நாளாகச் சைபீரியாக் கட்சி, இன்று கொஞ்சம் கனடாப் பக்கம் சாய்கிறேன்.

9 ஜனவரி, இரவு 9.30

நரி விஷயத்துக்குப் பதில் சொல்லவில்லை என்று கோபம் போல. சொல்கிறேன்.

தமிழில் நரி என்று இரண்டு மூன்று பிராணிகளைச் சொல்லிவிடுகிறோம். நோவோசிபிர்ஸ்க் நரி வேறு இனம், அதற்குக் குரோமோசோம் அடிப்படையில் 34. நாய்க்கு 78. இரண்டும் சேர்ந்து குட்டி போட வாய்ப்பில்லை. நம் ஊர்ப் பக்கம் ராத்திரி ஊளையிடும் நரி இருக்கிறதே, அது நாய்க்கு நெருங்கிய சொந்தம். அதற்கும் 78, ஓநாய்க்கும் 78. இதை வைத்து உங்களைப் போலவே நினைத்தவர் ஒருவர் உண்டு: 1973இல் நோபல் பரிசு வாங்கிய கொன்ராட் லோரென்ஸ். பெரும்பாலான நாய் வகைகள் நரிவழி வந்தவை என்றார், பின்னால் அவரே அதைக் கைவிட்டார். டார்வினும் ஒன்றுக்கு மேற்பட்ட காட்டினங்கள் கலந்துதான் நாய் வந்தது என்று எண்ணியவர். ஆகவே நீங்கள் நல்ல ஆட்களோடுதான் தோற்றிருக்கிறீர்கள்.

மரபணுவைப் பார்த்தால் நாய் சாம்பல் ஓநாய் வழிதான். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. இன்றைக்கு உயிரோடு இருக்கும் எந்த ஓநாய்க் கூட்டமும் நாய்க்கு நேர் மூதாதை இல்லை. அந்தப் பழைய ஓநாய்க் கூட்டம் அழிந்துபோய்விட்டது. இப்போதுள்ள ஓநாய் நாய்க்கு அப்பன் இல்லை, பங்காளி. அதனால் பங்காளியின் வாலைப் பார்த்துவிட்டுத் தாத்தாவின் வால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று கணக்குப் போடுவதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். இது எனக்கும் சேர்த்துத்தான்.

13 ஜனவரி, மதியம் 12.20

குப்பைமேட்டுக் கதையை யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். யாரும் எழுதவில்லை, நானே எழுதுகிறேன்.

மனிதன் ஓநாய்க் குட்டியை எடுத்துவந்து வளர்த்தான் என்பது பள்ளிக்கூடக் கதை. ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் என்ற தம்பதி அதைத் திருப்பிப் போட்டார்கள். யாரும் பழக்கவில்லை, ஓநாயே வந்தது. ஊர் ஓரத்தில் சாப்பாட்டு மிச்சத்தைக் கொட்டுகிறார்கள். ஆளைக் கண்டதும் அரைக் கிலோமீட்டர் ஓடும் ஓநாய்க்கு அங்கே சாப்பாடு கிடைக்காது. பத்தடி விலகி நின்றுவிட்டுத் திரும்ப வருவதற்குக் கிடைக்கும். அதன் குட்டிகள் பிழைக்கும். கூண்டும் பெல்யாயெவும் இல்லாமலே நோவோசிபிர்ஸ்க் நடக்கும்.

எங்கள் தெருமுனை டீக்கடையில் தினமும் காலையில் இதைப் பார்க்கலாம். ஐந்து நாய். கண்ணாடிப் பாட்டிலில் பொறை. யாராவது ஒருவர் வாங்கிப் போடுவார். செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டை, அது யார் காலையும் உரசாது, குரைக்காது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு நேராக, சரியாக ஒரு கை எட்டாத தூரத்தில் உட்காரும். கடைக்காரர் துணியை உதறினால் எழுந்து இரண்டடி போகும், உடனே அதே இடம். ஐந்தில் அதிகம் பொறை தின்பது அதுதான்.

பொறை என்றதும் இன்னொன்று. மைதாவைத் தின்று ஓநாய் பிழைக்காது, நாய் பிழைக்கும். மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஒன்று ஓநாயிடம் இரண்டு நகல்தான் இருக்கிறது, நாயிடம் 4 முதல் 30 வரை. 2013இல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது. தயிர்சாதம் தின்று வளர்ந்த நாய் என்று கேலி செய்கிறோம், அது சின்ன சாதனை இல்லை.

14 ஜனவரி, காலை 5.40

போகிப் புகையில் மணி தும்மிக்கொண்டே இருக்கிறது, தூக்கம் போச்சு. படுத்துக்கொண்டே யோசித்ததில் நேற்று எழுதியதில் ஓட்டை தெரிகிறது.

குப்பைமேடு வேண்டுமானால் ஊர் வேண்டும். ஊர் என்று ஒன்று வருவதற்கு முன்பே, விவசாயமே இல்லாத பனிக்காலத்திலேயே நாய் வந்துவிட்டது. அந்த மாவுச்சத்து நகல்கள் பெருகியதும் விவசாயம் வந்த பிறகுதான். ஆஸ்திரேலியாவின் காட்டு நாயான டிங்கோவுக்கு இன்னும் ஓநாய் மாதிரி இரண்டே நகல். ஆக, பொறை தின்னும் திறமை பிற்பாடு வந்த பட்டம். முதல் நாய் மாமிச நாய்.

இதற்கு 2021இல் பின்லாந்திலிருந்து ஒரு யோசனை வந்தது, எனக்குப் பிடித்திருக்கிறது. பனிக்காலக் குளிரில் வேட்டை விலங்குகளின் உடம்பில் கொழுப்பு குறைவு, வெறும் சதை. மனித ஈரல் வெறும் சதையை ஓர் அளவுக்கு மேல் தாங்காது. ஓநாய் தாங்கும். ஆக மனிதனிடம் தின்ன முடியாத மிச்சம் இருந்தது. போட்டிக்கு வரவேண்டிய பிராணிக்குப் போட்டி போடத் தேவையில்லாமல் போனது.

15 ஜனவரி

பொங்கலோ பொங்கல். சர்க்கரைப் பொங்கலை நாய்க்கு வைக்காதீர்கள், அதில் உலர்திராட்சை இருக்கும், நாயின் சிறுநீரகத்துக்கு ஆகாது. வெண்பொங்கல் வைத்தேன். மிளகை மட்டும் ஒதுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டது, எங்கள் மாமா மாதிரியே.

20 ஜனவரி, இரவு 11.10

நாய் உண்மையிலேயே நம்மைப் புரிந்துகொள்கிறதா, இல்லை சோற்றுக்காக நடிக்கிறதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

மணியின் பந்து பீரோவுக்கு அடியில் போய்விடும். முன்னங்காலை விட்டுத் துழாவும். இரண்டு முறை. மூன்றாவது முறை துழாவாது, திரும்பி என்னைப் பார்க்கும். அப்புறம் பீரோவை. திரும்ப என்னை. நான் துடைப்பக்கட்டையை எடுக்கும்வரை இது ஓடும்.

இதையேதான் 2003இல் புடாபெஸ்டில் சோதனையாகச் செய்தார்கள். மனிதக் கையில் வளர்ந்த ஓநாய், வீட்டு நாய் இரண்டுக்கும் முதலில் எடுக்க முடிகிற மாதிரி இறைச்சி, அப்புறம் எடுக்கவே முடியாதபடி அடைத்த இறைச்சி. ஓநாய் கடைசிவரை தானே மல்லுக்கட்டியது. நாய் சீக்கிரமே திரும்பி மனிதன் முகத்தைப் பார்த்தது. புத்திசாலி யார் என்று கேட்டால் எனக்கு ஓநாய் பக்கம்தான் மரியாதை. பந்து கிடைப்பது நாய்க்கு.

முகத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு தசைகூட வந்திருக்கிறது. உள்புருவத்தை மேலே தூக்கும் தசை. 2019இல் அறுத்துப் பார்த்தபோது நாய்களிடம் நன்றாகத் தெரிந்தது, ஓநாயிடம் ஏதோ சில நார்கள்தான். காப்பகங்களில் புருவத்தை அதிகம் தூக்கிய நாய்களைச் சீக்கிரம் தத்து எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்தி. நடிப்பா என்றால், பத்தாயிரம் வருட ஒத்திகை.

இதெல்லாம் வீட்டு நாய்க்குத்தானே என்று கேட்பீர்கள். கொல்கத்தா பக்கம் தெருநாய்களிடம் போய், இரண்டு பாத்திரத்தில் ஒன்றை வெறுமனே கையை நீட்டிக் காட்டிப் பார்த்திருக்கிறார்கள். பாதி நாய்கள் கிட்டவே வரவில்லை, பயம். வந்தவற்றில் பெரும்பாலானவை கை காட்டிய பாத்திரத்துக்கே போயின. யாரும் எதுவும் கற்றுக்கொடுக்காதவை.

21 ஜனவரி, மதியம் 3.15

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், சரி, மனிதனுக்கு நாயால் என்ன லாபம் என்று வேட்டை, காவல் எல்லாம் பட்டியல் போட்டிருக்கிறார். பட்டியல் சரி. ஆனால் அதில் அடங்காத ஒரு நாய் இருக்கிறது.

ஜெர்மனியில் பான் நகரத்துக்குப் பக்கம் ஓபர்காஸல். 1914இல் பசால்ட் கல் குவாரித் தொழிலாளிகள் தோண்டும்போது ஒரு குழி கிடைத்தது. ஓர் ஆண், ஒரு பெண், செம்மண் பூச்சு, கூடவே விலங்கு எலும்பு. சுமார் 14,200 வருடம் பழசு. அந்த எலும்பில் நாய் இருக்கிறது என்பது 1970களின் கடைசியில்தான் உறுதியானது. சுமார் ஏழு மாதக் குட்டி. 2018இல் அதன் பல்லை ஆராய்ந்தவர்கள் சொன்னது: இந்தக் குட்டிக்கு டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்திருக்கிறது. பிறந்து 19ஆவது வாரத்துக்கும் 23ஆவது வாரத்துக்கும் இடையே மூன்று முறை கடுமையாக விழுந்து எழுந்திருக்கிறது. அதற்குப் பிறகும் சில வாரம் வாழ்ந்திருக்கிறது.

டிஸ்டெம்பர் என்றால் என்ன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். 2016 ஐப்பசியில், மணிக்கு மூன்று மாதம். முதலில் கொண்டுபோன இடத்தில் சளி என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்கள். நாலு நாளில் கண்ணில் பச்சைப் பீளை, மூக்கு காய்ந்து வெடித்து, தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டாவது மருத்துவர் பாதத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, தடுப்பூசி போட்டீர்களா என்றார். இல்லை. நாளை, நாளை மறுநாள் என்று தள்ளியிருந்தேன்.

இதற்கு மருந்து கிடையாது. பார்த்துக்கொள்வதுதான் மருந்து. ஊசி கழற்றிய சிரிஞ்சில் இளநீரும் கஞ்சித் தண்ணீரும், கடைவாயோரமாக, இரண்டு மணிக்கு ஒரு தடவை, இரவும் பகலும். வேகமாக அழுத்தினால் மூச்சுக்குழாயில் போய்விடும். வெந்நீரில் பஞ்சை நனைத்துக் கண்ணைத் துடைக்க வேண்டும், ஒரு மணி நேரத்தில் திரும்ப ஒட்டிக்கொள்ளும். நாய் வாசற்படி தாண்டக் கூடாது என்பது எங்கள் அம்மாவின் சட்டம். ஐந்தாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால், அம்மாவின் பழைய பருத்திப் புடவை நாலாக மடித்து மணிக்கு அடியில் கிடந்தது. கூடத்துக்குள்ளே. யாரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

பிழைத்துவிட்டது. பின்னங்கால் ஒன்று தூக்கத்தில் இன்றைக்கும் வெட்டி வெட்டி இழுக்கும். கோரைப்பல்லில் குறுக்கே பழுப்பாக ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே எனாமல் உதிர்ந்து குழி. பல் முளைப்பதற்கு முன் இந்த நோய் வந்தால் அப்படி ஆகும் என்றார் மருத்துவர். ஓபர்காஸல் குட்டியின் பல்லிலும் கண்டுபிடித்தது அதே எனாமல் கோடுகளைத்தான். அந்தக் கட்டுரையின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு மணியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். அது புருவத்தைத் தூக்கிப் பார்த்தது.

வேட்டை, காவல் என்ற கணக்கெல்லாம் இந்தக் குட்டிக்குப் பொருந்தாது. அந்த வாரங்களில் அதனால் ஒரு முயலைக்கூடத் துரத்தியிருக்க முடியாது. உட்கார்ந்து துடைத்திருக்கிறார்கள். இளநீருக்குப் பதில் என்ன கொடுத்தார்களோ.

22 ஜனவரி, காலை 7.30

தடுப்பூசி பற்றி இத்தனை பேர் கேட்பதால்: ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அடுத்தடுத்து, நான்கு மாதம் ஆகும்வரை. ரேபிஸ் ஊசி தனி. நாளை மறுநாள் என்று தள்ளாதீர்கள்.

28 ஜனவரி, மாலை 6.00

டிங்கோ பற்றிக் கேட்டவருக்கு. ஆஸ்திரேலியாவுக்கு டிங்கோ போனது சுமார் 3,500 வருடத்துக்கு முன். 2013இல் வந்த ஒரு மரபணு ஆய்வு, 4,000 வருடத்துக்கு முன் இந்தியாவிலிருந்து ஆட்கள் அங்கே போனதாகவும் டிங்கோவும் அந்தச் சமயத்தில்தான் வந்ததாகவும் சொன்னது. அதாவது கப்பலில் நாயை ஏற்றியவன் நம்மாளாக இருக்கலாம்!

29 ஜனவரி, இரவு 8.45

நேற்றைய ஆச்சரியக்குறியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். 2016இல் ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஆண்களின் ஒய் குரோமோசோமை முழுதாகப் படித்தபோது, இந்தியத் தொடர்புக்கு ஆதாரம் நிற்கவில்லை. டிங்கோவின் நெருங்கிய சொந்தம் நியூ கினியின் பாடும் நாய். வழி தென்கிழக்காசியா. அதற்குள் நேற்றைய குறிப்பு மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய், எங்கள் பெரியப்பாவிடமிருந்தே எனக்குத் திரும்பி வந்துவிட்டது. 'பெருமைப்படு தமிழா' மேலே ஒட்டியிருந்தது.

அதைவிட நல்ல செய்தி, ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கும் டாஸ்மேனியா. டிங்கோ வருவதற்குப் பல ஆயிரம் வருடம் முன்பே கடல் குறுக்கே வந்துவிட்டதால் அந்தத் தீவில் நாயே கிடையாது. 1800களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கொண்டுவந்தார்கள். தலைமுறை தலைமுறையாக நாயையே கண்டிராத பூர்வகுடிகள் சில வருடத்துக்குள் நாயோடு வேட்டைக்குப் போனார்கள், நாயோடு படுத்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாய் ஏற்கெனவே தயாராக வந்திருந்தது.

தெருநாய் வேண்டுமா வேண்டாமா சண்டையை இங்கே ஆரம்பிக்க வேண்டாம். வேறு இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள்.

4 பிப்ரவரி, காலை 10.25

நம் பக்கம் நாய்க்கு மரியாதை கிடையாது, திட்டத்தான் பயன்படுத்துவோம் என்று எழுதியவருக்கு ஒரு கல்.

திருவண்ணாமலை மாவட்டம், செங்கம் பக்கம் எடுத்தனூர். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கம். எருமை மந்தையைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நடுகல். கல்லில் அவன் பக்கத்தில் ஒரு நாய். கல்வெட்டில் அந்த நாயின் பெயரும் இருக்கிறது: கோவிவன். கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதாம். அந்தச் சண்டையில் கடிபட்ட கள்ளனின் பெயர் கல்லில் இல்லை, நாயின் பெயர் இருக்கிறது.

காஷ்மீரில் புர்ஸஹோமில் இன்னும் பழைய சங்கதி. புதிய கற்கால மக்கள் மனிதனைப் புதைத்த இடத்திலேயே நாயையும் புதைத்திருக்கிறார்கள். வேட்டைக் காட்சி வரைந்த ஒரு கற்பலகையிலும் நாய் இருக்கிறது.

இதற்கு நேர் எதிர், 1873இல் லண்டனில் தொடங்கிய கென்னல் கிளப். மூக்கு இத்தனை அங்குலம், காது இந்தக் கோணம் என்று நாயை அளக்க ஆரம்பித்தவர்கள். கடையில் பார்க்கும் வகைகளில் முக்கால்வாசிக்கு இன்றைய உருவம் வந்தது அதையொட்டிய காலத்தில்தான். மூச்சு விட முடியாத பக் எல்லாம் அந்த உபயம். தெருநாயைப் பார்த்து, இது என்ன கலப்பு என்று கேட்கிறார்கள். கலப்பே இல்லை ஐயா, அதுதான் அசல். கலைத்தது நாம்.

(அசல் என்றது கொஞ்சம் அதிகம். கடந்த நூறு வருடத்தில் தெருவுக்கு வந்த அல்சேஷன், பொமரேனியன் ரத்தமும் அதில் ஓடத்தான் செய்கிறது. வாக்கியம் நன்றாக வந்துவிட்டது, அழிக்க மனசில்லை.)

11 பிப்ரவரி, மாலை 5.50

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, ஒரு மாதமாக ஊர் சுற்றிவிட்டு என் வாலுக்குப் பதில் சொல்லவில்லையே என்கிறார். நியாயம்.

நேற்று மதியம் மணி கூடத்தில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. பின்னங்கால் வழக்கம்போல வெட்டி வெட்டி இழுத்தது. வால் தரையில், எந்த முறுக்கும் இல்லாமல் நீட்டிக் கிடந்தது. சந்தேகத்துக்குப் பையனின் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். நேர்கோடு. பழமொழிக்குச் சாட்சி தேடிக் கைப்பேசியை எடுக்கத் திரும்பினேன், ஸ்கேல் வாலில் பட்டுவிட்டது. ஒரு கண்ணைத் திறந்தது, என்னைப் பார்த்தது, எழுந்து வாலைச் சுருட்டிக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போய்விட்டது.